லயத்து அக்காவும் ஓகஸ்ட் மழையும்

ஓகஸ்ட்டில் பாடசாலை மூடும்போது றொசல்லவில் வெயிலைத் தேடித்தான் பிடிக்கவேண்டும். வட்டவளைக்கும் ஹட்டனுக்கும் நடுவே, ரயில் பாதையை ஒட்டிய மலைச்சரிவில் இருக்கிறது ஊர். பக்கத்து வட்டவளையில் ஆண்டுக்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை கொட்டுகிறது. இலங்கையில் மழை அதிகம் பெய்யும் இடங்கள் எவை என்று கேட்டால் முதலில் வரும் பெயர்களில் அதுவும் ஒன்று. மே மாதம் பிடிக்கும் தென்மேல் பருவக்காற்று செப்டெம்பர் வரை விடுவதில்லை. தமிழ்நாட்டு வார இதழ்கள் கோடை விடுமுறைக்கென்று நீச்சல் வகுப்பும் ஓவிய முகாமும் பரிந்துரைக்கும். அந்தப் பட்டியலைக் கொண்டுவந்து இங்கே நீட்டினால் தேயிலைத் தோட்டத்துத் தாய் சிரித்துவிடுவாள். விடுமுறையில் அவள் பிள்ளை செய்யக்கூடியது இரண்டுதான். தொழிலாளர் வரிசை வீடான லயத்தில், பத்தடிக்குப் பன்னிரண்டடி காம்பராவுக்குள் கம்பளியைப் போர்த்திக்கொண்டு கிடப்பது, அல்லது இஸ்தோப்பு என்னும் முன்திண்ணையில் குந்தி மழையை வேடிக்கை பார்ப்பது. ஃபோன் கையில் கிடைத்தால் மூன்றாவதும் உண்டு.

இலங்கைப் பாடசாலைக்கு ஆண்டில் மூன்று தவணை, மூன்று விடுமுறை. ஏப்ரலில் சித்திரைப் புத்தாண்டுக்கு, பிறகு ஓகஸ்ட்டில், கடைசியாக டிசெம்பரில். கொவிட்டுக்குப் பின் நாள்காட்டி ஆண்டுக்காண்டு இடம் மாறுகிறது. 2023ஆம் கல்வியாண்டு மார்ச்சில்தான் தொடங்கியது. ஓகஸ்ட் விடுமுறை ஒரு மாதமாக இருந்ததுபோய், சில ஆண்டுகளில் பத்து நாளாகச் சுருங்கிவிட்டது. அமெரிக்காவில்போல இரண்டரை மாதம் தொடர்ந்து மூடுவது இங்கே இல்லை. அப்படியானால் விடுமுறையில் படிப்பு கரைகிறது என்று கவலைப்பட என்ன இருக்கிறது என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் அட்டவணையில் அச்சடித்த விடுமுறையை மட்டும் எண்ணினால் மலையகத்தின் கணக்கு வராது. அடைமழைக்குப் பாடசாலை மூடும். மண்சரிவு எச்சரிக்கை வந்தாலும் மூடும். லயத்திலிருந்து வெளியேற்றப்பட்ட குடும்பங்கள் பாடசாலை மண்டபத்தில் தங்கினால், அவர்கள் வீடு திரும்பும்வரை வகுப்பு இல்லை. 2020 மார்ச்சில் மூடிய கதவு அந்த ஆண்டும் அடுத்த ஆண்டும் திறந்து திறந்து மூடியது. 2022இல் எரிபொருள் இல்லாமல் மூடியது. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் மலைநாட்டைப் புரட்டிப்போட்டபோது மறுபடியும் மூடியது. 2020இல் முதலாம் தரத்தில் காலெடுத்து வைத்த பிள்ளை எழுத்துக்கூட்டிப் படிக்கவேண்டிய வயதின் பெரும்பகுதியை வீட்டில் கழித்தது. அந்தப் பிள்ளைக்கு இன்று எந்தச் சிறு விடுமுறையும் பழைய பள்ளத்தின் மேல் தோண்டும் புதுப் பள்ளம்தான்.

விடுமுறையில் பிள்ளைகளுக்கு என்ன நடக்கிறது என்று அதிகம் ஆராய்ந்தவர்கள் அமெரிக்கர்கள். அட்லாண்டா நகரத்துப் பிள்ளைகளை வைத்து பார்பரா ஹெய்ன்ஸ் எழுதிய நூல் 1978இல் வந்தது. பால்டிமோர் நகரில் கார்ல் அலெக்சாண்டரும் டோரிஸ் என்ட்விசிலும் அவர்களுடன் பணியாற்றியவர்களும் 1982 முதல் ஏறக்குறைய 800 முதலாம் வகுப்புப் பிள்ளைகளைப் பல்லாண்டு பின்தொடர்ந்தார்கள். பாடசாலை நடக்கும் மாதங்களில் ஏழைப் பிள்ளையும் வசதியுள்ள பிள்ளையும் ஏறத்தாழ ஒரே வேகத்தில்தான் முன்னேறினார்கள். இடைவெளி விழுந்தது கோடையில். அதை விளக்க அவர்கள் சொன்ன உவமை தண்ணீர்க் குழாய். பாடசாலை திறந்திருக்கும்வரை குழாய் எல்லாருக்கும் பொதுவாக ஓடுகிறது. மூடியதும் வசதியுள்ள வீட்டில் வேறொரு குழாய் திறக்கிறது, ஏழை வீட்டில் எதுவும் திறப்பதில்லை. பீலிக்கரையில் வாளியோடு வரிசையில் நின்று வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கிச் சொல்லவேண்டியதில்லை.

ஹாரிஸ் கூப்பரும் அவருடைய குழுவினரும் 1996இல் அதுவரை வந்த 39 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். ஒரு கோடையில் சராசரியாக ஒரு மாதப் படிப்பு போகிறது என்றது அவர்கள் கணக்கு. கணிதம் எல்லாருக்கும் சரிந்தது. வாசிப்பு ஏழைப் பிள்ளைகளுக்குச் சரிந்தது, நடுத்தர வர்க்கத்துப் பிள்ளைகளுக்குச் சற்று ஏறியது. பின்னால் வந்தவர்கள் சிலர், போல் வொன் ஹிப்பல் போன்றவர்கள், பழைய பரீட்சைகளின் அளவுகோலிலேயே கோளாறு இருக்கிறது, இழப்பை ஊதிக் காட்டிவிட்டார்கள் என்று வாதிட்டார்கள். அந்தச் சண்டை இன்னும் ஓயவில்லை. நான் இதில் பஞ்சாயத்துப் பண்ணப்போவதில்லை. தரம் மூன்று படிக்கும் பிள்ளை ஏப்ரலுக்கு முன் சரளமாகப் படித்த பக்கத்தை மே மாதம் விரல் வைத்துத் தடவித் தடவிப் படிப்பதைத் தோட்டப் பாடசாலை ஆசிரியர் எவரும் கண்டிருப்பார்.

வீட்டில் என்ன இருக்கிறது

மலையகத்தில் பாடசாலை மூடினால் வேறு குழாய் ஏன் இல்லை என்பதற்கு நூறு ஆண்டுக்கும் மேற்பட்ட கதை இருக்கிறது. 1907ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம், தோட்டத்து ஆறு முதல் பத்து வயதுப் பிள்ளைகளுக்குத் தாய்மொழியில் எழுத்தறிவு கொடுக்கும் பொறுப்பைத் தோட்டத் துரையின் தலையில் வைத்தது. பத்து வயதானால் கொழுந்துக்கூடையோ மண்ணைக் கிளறும் முள்ளுக்கரண்டியோ காத்திருந்தது. அதற்கு மேல் படித்த பிள்ளை துரைக்குத் தேவைப்படவில்லை. 1945இல் கல்வியமைச்சர் கன்னங்கராவின் இலவசக் கல்வி நாடெங்கும் வந்தபோதும் தோட்டப் பாடசாலை தோட்ட நிர்வாகத்தின் கையில்தான் கிடந்தது. ஓர் ஆசிரியர், ஒரே மண்டபம், ஐந்து வகுப்பு. 1948 குடியுரிமைச் சட்டம் பெற்றோரை நாடற்றவர்கள் ஆக்கியபோது பிள்ளையின் பாடசாலையைப் பற்றிப் பேச நாடாளுமன்றத்தில் ஆளில்லாமல் போனது. அரசாங்கம் தோட்டப் பாடசாலைகளைக் கையேற்கத் தொடங்கியது 1977இல்தான். சுவீடன் உதவியில் கட்டடங்களும், ஜேர்மன் உதவியில் பத்தனை ஶ்ரீபாத கல்வியியற் கல்லூரியும் வந்ததெல்லாம் அதற்குப் பிறகு.

ஆக, இன்று தரம் ஐந்தில் இருக்கும் பிள்ளையின் அம்மாயி பாடசாலைப் பக்கமே போகாதவராக இருக்கலாம். தாய் எட்டாம் வகுப்போடு நின்றிருப்பாள். விடுமுறை நாளில் பிள்ளையோடு உட்கார்ந்து படிக்கும் பழக்கம் அந்த வீட்டில் இல்லையென்றால், பழகுவதற்கு யாரும் அவர்களுக்கு நேரம் கொடுக்கவில்லை என்றுதான் அர்த்தம். காலை ஏழரைக்கு முன், வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்களத்தில் நிற்கவேண்டும். மாலை கடைசி நிறுவை முடிந்து, நனைந்த படங்கை அவிழ்த்து உலரப்போட்டு, பீலியில் தண்ணீர் பிடித்து, அடுப்பை மூட்டும்போது இருட்டிவிடும். தகப்பன் பல வீடுகளில் கொழும்பில், ஏதோ ஒரு கடையிலோ கட்டட வேலையிலோ. "நாங்க மலைக்குப் போயிட்டா பாக்குறதுக்கு ஆளில்லீங்க. புள்ள வூட்டுல பத்திரமா இருந்தாப் போதும்னு இருக்கு" என்றார் ஒரு தாய். படிப்பைப் பற்றிக் கேட்கப் போன எனக்கு அவர் சொன்னது காவலைப் பற்றி. இரண்டையும் பிரிக்க முடியாது என்பது அப்போதுதான் உறைத்தது.

சாப்பாட்டையும் பிரிக்க முடியாது. ஆரம்பப் பிரிவுப் பிள்ளைகளுக்குப் பாடசாலையில் கிடைக்கும் உணவு விடுமுறையில் கிடையாது. 2016ஆம் ஆண்டுத் தேசியக் குடிசன சுகாதார ஆய்வில், ஐந்து வயதுக்குட்பட்டவர்களில் வயதுக்கேற்ற உயரமில்லாதோர் நாட்டில் 17 வீதம், தோட்டப்புறத்தில் 32 வீதம். காலையில் சாயத்தண்ணியும் ரொட்டியும் தின்ற பிள்ளை மூன்று மணிவரை வேறொன்றும் காணாவிட்டால் அதன் மடியில் எந்தப் புத்தகத்தை வைத்தாலும் பயனில்லை. விடுமுறைப் படிப்பு என்று யார் திட்டம் போட்டாலும் முதல் வரியில் ஒரு பிடி அவித்த கடலை இருக்கவேண்டும்.

டியூசன் என்னும் மருந்து

விடுமுறை வந்தால் ஊர் சொல்லும் ஒரே மருந்து டியூசன். ஹட்டன் டவுனில் பஸ் ஸ்டாண்டிலிருந்து எந்தத் திசையில் நடந்தாலும் சுவரொட்டிகள் கண்ணில் படும். ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் கருத்தரங்கு, மாதிரி வினாத்தாள், இறுதிக்கட்ட மீட்டல். நெடுங்காலம் அந்தப் பரீட்சை ஓகஸ்ட் மாதமே நடந்தது. கொவிட்டுக்குப் பின் ஒக்டோபர், ஜனவரி, டிசெம்பர், செப்டெம்பர் என்று அலைந்துவிட்டு 2025இல் ஓகஸ்ட் 10க்குத் திரும்பியது. பத்து வயதுப் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுப்பவர்களைப் பரீட்சைக்கு முந்திய நாட்களில் பரீட்சைத் திணைக்களம் தடை போட்டு நிறுத்தவேண்டியிருக்கிறது என்றால் அந்த வியாபாரத்தின் வேகத்தை நீங்களே கணித்துக்கொள்ளலாம்.

டியூசன் ஆசிரியர்கள்மீது எனக்குக் கோபமில்லை. அவர்களில் பலர் பகலில் பாடசாலையில் நன்றாகப் படிப்பிப்பவர்கள்தான். என் குறை வேறு. விடுமுறை டியூசன் கெட்டிக்காரப் பிள்ளைக்காக நடக்கிறது. புள்ளி 120இல் நிற்கும் பிள்ளையை 145க்குத் தள்ளுவதில் அக்கறை காட்டும் வகுப்பில், 'கப்பல்' என்ற சொல்லில் முட்டி நிற்கும் பிள்ளை வாங்கின் கடைசியில் வினாத்தாளை மடித்துக் கப்பல் செய்துகொண்டிருக்கும். அதற்கு மீட்டல் தேவையில்லை. மீட்ட உள்ளே ஏதாவது இருந்தால்தானே. றொசல்லவிலிருந்து ஹட்டனுக்கு பஸ் காசு, வகுப்புக் காசு, ஃபொட்டோகொப்பிக் காசு என்று தாய் எண்ணிக்கொடுப்பது நாட்சம்பளத்திலிருந்து. அந்தக் காசுக்கு அந்தப் பிள்ளைக்குக் கிடைப்பது மூன்று மணிநேர அவமானம். பரீட்சைக்குத் தயாரான பிள்ளையை அனுப்புங்கள், வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இன்னும் வாசிக்க வராத பிள்ளையை, பக்கத்து வீட்டார் அனுப்புகிறார்களே என்று அனுப்பாதீர்கள்.

அக்கா

வாசிக்க வராத பிள்ளைக்கு வேண்டியவள் அநேகமாக அதே லயத்தில் இருக்கிறாள்.

இலங்கையில் உயர்தரப் பரீட்சை எழுதி முடித்தவர்களின் காத்திருப்பைப் போலக் கொடுமையான ஒன்று இல்லை. 2024இலும் 2025இலும் பரீட்சை நவம்பரில் தொடங்கியது. பெறுபேறு வர மாதங்களாகும். பெறுபேறு வந்து, வெட்டுப்புள்ளி வந்து, பல்கலைக்கழக வாசல் திறக்க இன்னும் நெடுநாள். அந்த இடைவெளியில் பையன்கள் பெரும்பாலும் கொழும்புக்குக் கடை வேலைக்கு இறங்கிவிடுகிறார்கள். பெண்பிள்ளைகளை வீட்டில் வைத்திருக்கிறார்கள். பன்னிரண்டு, பதின்மூன்று ஆண்டு படித்த ஒருத்தி, டிசெம்பர் விடுமுறையில் முழுநாளும், ஏப்ரலில் முழுநாளும், சிலவேளை ஓகஸ்ட்டிலும், சோறாக்கிக்கொண்டு ஃபோனைப் பார்த்துக்கொண்டு இருக்கிறாள். அவளுக்கும் இந்தப் பிள்ளைகளுக்கும் நடுவே இருப்பது ஒரு சுவர். அதுவும் முகடுவரை எட்டாத லயச் சுவர்.

றொசல்லவை அண்டிய ஒரு தோட்டத்து மேல்கணக்கில், அதாவது மேற்பிரிவில், அப்படியொருத்தியின் இஸ்தோப்பைப் பார்க்கக் கிடைத்தது. கலைப்பிரிவில் உயர்தரம் எழுதிவிட்டு இருக்கும் பெண். சுற்றிலும் சின்னதும் பெரியதுமாக ஏழெட்டுப் பிள்ளைகள், உரச்சாக்கை விரித்து உட்கார்ந்திருந்தார்கள். கூரைத் தகரத்தில் மழை அடித்த அடியில் கத்தித்தான் படிக்கவேண்டியிருந்தது. கத்திப் படிப்பது பிள்ளைகளுக்குப் பிடித்தும் இருந்தது. கையிலிருந்தது அரசாங்கத் தமிழ்ப் பாடநூல்தான், அதுவும் போன வருடத்துக் கீழ்வகுப்பு நூல். தரம் மூன்று பையனுக்கு அவள் தரம் ஒன்று நூலைக் கொடுத்திருந்தாள். பையன் முதலில் மூஞ்சியைத் தூக்கினான்.

"இது சின்னப் புள்ளைங்க புக்கு, அக்கா."

"அப்ப சின்னப் புள்ளைக்கு வாசிச்சுக் காட்டு. இந்தா, ஒந் தங்கச்சி இருக்கால்ல."

அவன் தங்கச்சிக்கு வாசித்துக் காட்டினான். தடுமாறிய இடத்தில் அவள் சொல்லிக் கொடுக்கவில்லை, "கூட்டிப் பாரு" என்றுவிட்டு அடுத்த பிள்ளையிடம் திரும்பிக்கொண்டாள். இரண்டு முறை கூட்டினான், மூன்றாம் முறை சொல் வந்தது. நிமிர்ந்து யாராவது பார்த்தார்களா என்று பார்த்தான். கூடையோடு திரும்பி வந்த அவனுடைய தாய், "வூட்டுல கூப்புட்டா ஏன்னு கேக்க மாட்டான், இங்க வந்து அடங்கி ஒக்காந்திருக்கான்" என்று சொல்லிக்கொண்டே போனார். குரலில் குறை இல்லை.

அந்தப் பெண் எந்தப் பயிற்சிக் கல்லூரிக்கும் போனவளில்லை. ஆனால் வாசிப்பு ஆய்வாளர்கள் பக்கம் பக்கமாக எழுதும் இரண்டு விடயங்களைத் தன் போக்கில் செய்துகொண்டிருந்தாள். ஒன்று, பிள்ளையை அதன் வகுப்பில் வைக்காமல் அது எட்டிய இடத்தில் வைத்தாள். இந்தியாவில் 'பிரதம்' அமைப்பு பல மாநிலங்களில் வாசிப்பு முகாம்களை இதே அடிப்படையில்தான் நடத்துகிறது. மற்றது, தப்புவிடப் பயப்படாத ஓர் இடத்தைக் கொடுத்தாள்.

இது ஒரு பெண்ணின் நல்ல மனசோடு நின்றுவிடவேண்டிய விடயமல்ல. தமிழ்நாட்டில் 2021 ஒக்டோபரில் 'இல்லம் தேடிக் கல்வி' தொடங்கியபோது செய்தது இதையே, பெரிய அளவில். கொவிட்டில் பிந்திய பிள்ளைகளுக்கு, வீட்டுக்குப் பக்கத்திலேயே, மாலையில் ஒன்றரை மணிநேரம் வரை. நடத்தியவர்கள் அதே தெருவைச் சேர்ந்த தன்னார்வலர்கள், பெரும்பாலும் பெண்கள். மாதம் 1,000 இந்திய ரூபா ஊக்கத்தொகை. கிராமப்புறத்தில் ஏறக்குறைய 19,000 பிள்ளைகளைப் பின்தொடர்ந்த பொருளியல் ஆய்வொன்று, பாடசாலை திறந்து ஆறு மாதத்துக்குள் இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டது என்றும், அந்த மீட்சியில் ஏறக்குறைய கால்பங்கு இந்தத் திட்டத்தால் வந்தது என்றும் கண்டது. கார்த்திக் முரளிதரனும் அபிஜித் சிங்கும் மோரிசியோ ரொமேரோவும் செய்த ஆய்வு அது. ஏழைப் பிள்ளைகளுக்கே அதிகம் பயன்பட்டது என்பதும் அவர்கள் கண்டதில் உண்டு.

மலையகத்துக்கு இது கடன் வாங்கவேண்டிய யோசனை அல்ல. இராப் பள்ளிக்கூடம் இங்கே பழைய வழக்கம். தோட்டத்தில் எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவர், அரிக்கன் லாம்பு, கோயில் திண்ணை அல்லது காலியான காம்பரா. 1960களில் ஹட்டன் ஹைலண்ட்ஸ் கல்லூரியில் இர. சிவலிங்கம் படிப்பித்தபோது ஒரு தலைமுறை மாணவர்களுக்குத் திரும்பத் திரும்பச் சொன்னதும், படித்ததைக் கொண்டு லயத்துக்குத் திரும்பு என்பதுதான். அந்தத் தலைமுறையிலிருந்துதான் மலையகத்தின் ஆசிரியர்களும் எழுத்தாளர்களும் பலர் வந்தார்கள். மடக்கும்புர தோட்டத்தில் பிறந்த சி.வி. வேலுப்பிள்ளை நாடாளுமன்றம் போவதற்கு முன் ஆசிரியராக இருந்தவர். அவர் தோட்டம் தோட்டமாகத் திரிந்து சேர்த்த நாட்டார் பாடல்கள்தான் 'மாமன் மகனே' என்ற நூலாயின. பாட்டைப் பாடிய கிழவிகளுக்கு எழுத்துத் தெரியாது. அதனால் அவர்களிடம் சொல் குறைவாக இருந்தது என்று யாராவது சொல்லமுடியுமா?

இதை நினைவில் வைத்தால், எழுத்துத் தெரியாத அம்மாயி விடுமுறையில் உதவ முடியாதவர் என்ற எண்ணம் போய்விடும். காமன் கூத்துக் கதையையும் பொன்னர் சங்கரையும் அவர் சொல்லட்டும். பேரன் எழுதட்டும். ஒரு நாளைக்கு ஐந்து வரி. எழுத்துப் பிழையை அன்றைக்கே சிவப்புப் பேனாவால் வெட்டவேண்டாம். கதையைக் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு வாசிப்பில் சொல் புதிதாக வராது, காதில் ஏற்கெனவே இருக்கும்.

சம்பளத் துண்டுக் கணக்கு

விடுமுறையில் எல்லாருக்கும் கரைவது கணிதம் என்று பார்த்தோம். அதற்குப் பயிற்சிப் புத்தகம் வாங்க ஹட்டனுக்கு ஓடவேண்டியதில்லை. அம்மாவின் சம்பளத் துண்டைக் கேட்டு வாங்குங்கள்.

2024 செப்டெம்பரில் நிர்ணயித்த அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாவை வைத்தே பார்க்கலாம். மாதத்தில் 25 நாள் பேர் விழுந்தால் 33,750 ரூபா. அதில் ஊழியர் சேமலாப நிதிக்கு 8 வீதம் பிடித்தால் 2,700. தோட்டம் தன் பங்குக்குப் போடவேண்டிய 12 வீதம் 4,050. நம்பிக்கை நிதிக்கு இன்னொரு 3 வீதம். தரம் ஆறு, ஏழு பிள்ளைக்கு வீதம் என்ற பாடம் இதைவிட உறைப்பாக எங்கே கிடைக்கும்? அடுத்து கொழுந்து. காலை நிறுவை எவ்வளவு, பகல் எவ்வளவு, மாலை எவ்வளவு, பைக்கும் ஈரத்துக்கும் என்று எத்தனை கிலோ கழித்தார்கள், கழித்தது மொத்தத்தில் எத்தனை வீதம். மழைக்காலத்தில் இந்தக் கேள்வி பிள்ளைக்கு மட்டுமல்ல, மடுவத்தில் தராசுக்குப் பக்கத்தில் நிற்பவருக்கும் பயிற்சியாகிவிடும். அப்படிக் கேள்வி வந்துவிடும் என்ற பயத்தாலோ என்னவோ, தோட்டத்துப் பிள்ளைக்குத் தோட்டத்துக் கணக்கைக் கற்றுக்கொடுக்க நம் பாடத்திட்டம் ஒருபோதும் துணிந்ததில்லை.

மழையையும் விடவேண்டாம். அடியும் உடம்பும் நேராக இருக்கும் பிளாஸ்டிக் போத்தலின் கழுத்தை வெட்டிக் கவிழ்த்து வைத்து, வெளியில் அடிமட்டத்தை ஒட்டினால் மழைமானி. ஒவ்வொரு காலையும் அளந்து கொப்பியில் எழுதினால் பத்தே நாளில் ஒரு வரைபு வந்துவிடும். எந்த அளவைத் தாண்டினால் மேட்டு லயத்துக்காரர்கள் கவனமாக இருக்கவேண்டும் என்று பெரியவர்கள் பேசும்போது பிள்ளையும் தன் கொப்பியோடு வந்து நிற்கும். றொசல்ல ரயில் நிலையத்துப் பெயர்ப்பலகையில் மூன்று மொழியிலும் ஊர்ப்பெயர் இருக்கிறது. தமிழ் எழுத்தை வைத்துச் சிங்கள எழுத்தைக் கண்டுபிடிப்பது பிள்ளைகளுக்கு விளையாட்டு. வட்டவளை, ஹட்டன், கொட்டகலை என்று போகும்போதெல்லாம் பலகையைப் பார்த்து எழுதிவந்தால் சிங்கள அரிச்சுவடியில் கணிசமான பங்கு கைவசம் வந்துவிடும். நாளைக்கு அரசாங்கக் காரியாலயத்தில் யாரையும் கெஞ்சாமல் படிவத்தைப் படிக்க அது உதவும்.

இதற்கெல்லாம் மணிக்கணக்கில் இருக்கத் தேவையில்லை. காலையில் முக்கால் மணி, மாலையில் அரை மணி. மிச்ச நேரம் பிள்ளை விளையாடட்டும். சித்திரை விடுமுறையில் கோயில் திருவிழா வரும், கொழும்பிலிருந்து மாமா வருவார், தேர் வரும், தப்படிக்கும் இடத்தில் பிள்ளை நிற்கும். அந்த வாரத்தில் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு பின்னால் திரியும் பெற்றோரைப் பார்த்தால் எனக்குப் பரிதாபம்தான்.

பூட்டிய அலுமாரி

புத்தகம் பற்றி ஒன்று சொல்லாமல் விட முடியாது. அமெரிக்காவின் புளோரிடாவில் ரிச்சர்ட் ஆலிங்டனும் ஆன் மெகில்-ஃபிரான்சனும் ஏழைப் பாடசாலைப் பிள்ளைகளுக்குக் கோடை தொடங்கும்போது 12 புத்தகம் இலவசமாகக் கொடுத்தார்கள். எது வேண்டும் என்று பிள்ளையே தேர்ந்தெடுக்கலாம். வகுப்பில்லை, பரீட்சையில்லை. மூன்று கோடை அப்படிக் கொடுத்தபின் பார்த்தால், அந்தப் பிள்ளைகளின் வாசிப்பு மற்றவர்களைவிடக் கண்கூடாக மேலே நின்றது. கோடைகால வகுப்பு நடத்திக் கிடைக்கும் பலனுக்கு அது குறைவில்லை என்றார்கள். பிள்ளையே தேர்ந்தது என்பதில்தான் விடயம் இருக்கிறது என்று நினைக்கிறேன். நாம் கொடுக்கும் புத்தகங்கள் பெரும்பாலும் 'நற்சிந்தனைக் கதைகள்' ரகம். பேய்க்கதை கேட்கும் பிள்ளையிடம் அதை நீட்டினால் அட்டையோடு மூடிவைத்துவிடும்.

தோட்டத்தில் 12 புத்தகம் எங்கே போவது என்பீர்கள். 'ரூம் டு ரீட்' நிறுவனம் 2005 முதல் இலங்கையில் சிங்களத்திலும் தமிழிலும் சிறுவர் நூல்கள் போட்டுப் பாடசாலை வாசிப்பறைகளுக்குக் கொடுத்துவருகிறது. பிரதம் புக்ஸின் 'ஸ்டோரிவீவர்' தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் இலவசம். ஒருமுறை இறக்கி வைத்தால் சிக்னல் இல்லாத லயத்திலும் ஃபோனில் திறக்கும், நாலு பக்கத்தை ஃபொட்டோகொப்பி எடுத்தால் ஃபோனும் தேவையில்லை. கல்வியமைச்சின் 'ஈ-தக்சலாவ'வும் இருக்கிறது. ஆனால் கொவிட் காலத்தில் சிக்னலைத் தேடி மலையுச்சிக்கு ஏறிய பிள்ளைகளைப் பார்த்த பிறகும் இணையத்தையே முதல் விடையாகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

முதல் விடை கிட்டத்தில் இருக்கிறது. பெரும்பாலான தோட்டப் பாடசாலைகளில் ஓர் அலுமாரி நிறையவாவது புத்தகம் உண்டு. யாரோ நன்கொடை கொடுத்தது, வலயக் கல்விக் காரியாலயம் அனுப்பியது, பழைய மாணவர் சங்கம் வாங்கிப் போட்டது. விடுமுறை தொடங்கும் நாளில் அந்த அலுமாரியைப் பூட்டுகிறார்கள். புத்தகம் தொலைந்தால் கணக்காய்வில் அதிபர் பதில் சொல்லவேண்டும் என்பதால் பூட்டுகிறார்கள். அவர்மீது பிழை சொல்வதில் நியாயமில்லை. கிழிந்த புத்தகத்துக்கு அதிபரின் பையைத் தொடாத ஒரு விதியை வலயக் காரியாலயம்தான் எழுதவேண்டும். இரவல் கொடுக்கும் புத்தகத்தில் பத்துக்கொன்று திரும்பாமல் போகும் என்று முன்கூட்டியே ஒத்துக்கொள்ளவேண்டும். திரும்பாத புத்தகம் ஏதோ ஒரு காம்பராவில்தான் கிடக்கும், யாரோ ஒருவர் புரட்டிக்கொண்டிருப்பார்.

இடமும் அப்படித்தான். இஸ்தோப்பில் சாரல் அடிக்கும். தோட்டத்தில் பிள்ளைக்காம்பரா இருக்கிறது, பின்னேரம் குழந்தைகள் வீடு போனபின் காலி. சனசமூக மண்டபம் இருக்கிறது, தேர்தல் வந்தால்தான் திறக்கும். கோயில் மண்டபம் இருக்கிறது. தோட்டக் கம்பனிகள் ஆண்டறிக்கையில் சமூகநலனுக்கென்று அழகான படங்கள் போடுகின்றன. ஒரு பிரிவுக்கு ஒரு பல்ப், இரண்டு பாய், அக்காவுக்கு மாதம் ஒரு சிறு தொகை என்பது அந்தப் படம் எடுக்கும் செலவுக்குள் அடங்கும். தொழிற்சங்கங்களிடமும் கேட்கலாம். சந்தா மாதாமாதம் சம்பளத் துண்டிலேயே பிடிபடுகிறது, எவ்வளவு என்று பிள்ளைகளுக்கு இப்போது கூட்டத் தெரியும்.

ஆசிரியரை விடுமுறையிலும் வரச்சொல்வதை நான் ஆதரிக்கமாட்டேன். மலையகப் பாடசாலைகளுக்கு 2014, 2015ஆம் ஆண்டுகளில் 3,000க்கு மேற்பட்டவர்களை ஆசிரியர் உதவியாளர்களாக எடுத்து 6,000 ரூபாவில் நிறுத்திவைத்ததை அவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அவர்களிடம் கேட்கவேண்டியது ஒன்றே ஒன்று. தவணை முடியும் வாரத்தில், எந்தப் பிள்ளைக்கு எழுத்து வரவில்லை, எந்தப் பிள்ளைக்குச் சொல் வரவில்லை, எந்தப் பிள்ளைக்குப் பத்தி வரவில்லை என்று பெயரெழுதி, அந்தத் தாளை லயத்து அக்காவின் கையில் கொடுப்பது. அரைமணி நேர வேலை.

அடுத்த பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்துக்குப் போகும் பெற்றோர் வழக்கம்போல சுவர், கூரை, விளையாட்டுப்போட்டிப் பந்தல் என்று பேசி முடித்தபின், எழுந்து இரண்டு கேள்வி கேட்கலாம். விடுமுறையில் அந்த அலுமாரிச் சாவி யாரிடம் இருக்கும், அந்தத் தாளை எந்த நாளில் தருவீர்கள். பதிலைக் கூட்டக் குறிப்பில் எழுதச் சொல்லுங்கள்.